டெல்டா கலைப் படங்களை இணையத்தில் பகிர்வதும் படக்குறிப்பு எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, சுற்றுவட்டாரக் கண்காட்சிகள், பட்டறைகள், பள்ளிச் சுவர்கள், கடைப் பலகைகள் என்று கண்ணில் படுவதையெல்லாம் சில வருடங்களாகப் படம் எடுத்துப் போட்டு வருகிறேன். தனிச்செய்தியிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன. ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் வாய் வலிக்காது.

படக்குறிப்பில் குறைந்தபட்சம் என்ன இருக்க வேண்டும்?

யார் செய்தது, படைப்பின் பெயர், எந்த வருடம், எதனால் ஆனது, எவ்வளவு பெரியது, எங்கே பார்த்தீர்கள், படம் எடுத்தது யார். ஏழு விஷயம். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிக்கு மேல் வராது. மாதிரிக்கு ஒன்று: "'வாய்க்கால் வெட்டு', கேன்வாஸில் ஆயில், 3க்கு 4 அடி, 2023. வரைந்தவர் இன்னார். கும்பகோணம் கல்லூரிக் கண்காட்சி. படம்: நான்."

ஏழும் கிடைக்காத நாள் உண்டு. அப்போது பெயரையும் ஊரையும் விடாதீர்கள். அடுத்தது தேதி. அளவைக் கேட்டால் பலரும் சிரிக்கிறார்கள். ஆனால் கைபேசித் திரையில் உள்ளங்கை அளவு ஓவியமும் சுவர் முழுக்க நிற்கும் ஓவியமும் ஒன்றாகத்தான் தெரியும். சுவரளவு ஓவியத்தை வாழ்த்து அட்டை என்று ஒருவர் நினைத்துக்கொண்டால் அது பார்ப்பவர் தப்பு இல்லை, நம் தப்பு.

படம் நன்றாக இருக்கிறது. இதற்கு ஊர், தேதி எல்லாம் எதற்கு?

மயிலாடுதுறை மாவட்டம் ஆனந்தமங்கலத்தில் ராஜகோபாலசுவாமி கோயில் இருக்கிறது. அங்கிருந்த ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் 1978இல் திருடுபோயின. நாற்பது வருடம் கழித்து அவை லண்டனில் இருப்பது தெரியவந்தது. இது அந்தக் கோயில் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958இல் அந்தக் கோயிலுக்கு வந்து படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது என்று குறித்து வைத்திருந்தார்கள். அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். 2020இல் மூன்று பேரும் ஊர் திரும்பினார்கள்.

அந்தப் படங்களின் பின்னால் "தெய்வீக அழகு, காணக் கண் கோடி வேண்டும்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படக்குறிப்பு இணையத்தோடு வந்த புதுப் பழக்கமும் இல்லை. திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்தில் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். முசுகுந்தன் என்ற புராண அரசனின் கதை வரிசை வரிசையாக ஓடும். காட்சிகளோடு சேர்த்துத் தமிழில் எழுத்தும் இருக்கும், இன்னது நடக்கிறது என்று. வரைந்தவர் சிங்காதனம் என்பவர், தன் பெயரையும் அதிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ஓவியர் செய்த வேலையை, கையில் தட்டச்சுப் பலகையை வைத்துக்கொண்டு நாம் செய்ய மாட்டேன் என்கிறோம்.

வரைந்தவர் பெயர் தெரியவில்லை. என்ன போடுவது?

முதலில் தேடுங்கள். கேன்வாஸ் என்றால் கீழ் மூலை, இல்லாவிட்டால் பின்பக்கம். சுவர் என்றால் பெரும்பாலும் வலது கீழ்ப் பக்கம், தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள், "ஆர்ட்ஸ்" என்று முடியும் ஒரு பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். செடி மறைத்திருக்கும், விலக்கிப் பாருங்கள். எண்ணை மட்டும் அவரைக் கேட்காமல் பதிவில் போட வேண்டாம்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளிச் சுவரில் நாற்று நடும் பெண்களை அவ்வளவு உயிரோட்டமாக வரைந்திருந்தார்கள். எடுத்தேன், "நம்ம ஊர் சுவர்" என்று எழுதிப் போட்டேன். ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். நாலாவது நாள் ஒரு போன். "அண்ணே, நான் வரைஞ்சதுதான். பதினோரு நாள் வேலை. என் பேரு கீழ இருக்கு, நீங்க வெட்டிட்டீங்க." உண்மைதான். சுவரோரம் குப்பை கிடந்தது, படம் சுத்தமாக வரட்டும் என்று கீழ்ப்பக்கத்தை வெட்டியிருந்தேன். குப்பையோடு அவர் பெயரும் போய்விட்டது. பதிவைத் திருத்தினேன். ஆனால் ஏற்கெனவே பகிரப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டுகளை எங்கே போய்த் திருத்துவது?

தேடியும் கிடைக்காவிட்டால் "வரைந்தவர் பெயர் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று நேராக எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டே நாளில் யாராவது சொல்லிவிடுவார்கள். "நன்றி: இணையம்", "நன்றி: வாட்ஸ்அப்" என்பதெல்லாம் நன்றி கிடையாது. மாமன் வீட்டுச் சீருக்கு "நன்றி: மாட்டு வண்டி" என்று சொல்வது போலத்தான்.

ஓவியத்தைப் புகைப்படம் என்று நினைத்துப் போட்டுவிட்டேன். கிண்டல் செய்கிறார்கள்.

நீங்கள் ஏமாந்தது பெரும்பாலும் ஓவியர் இளையராஜாவிடமாகத்தான் இருக்கும். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்துக்காரர், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். நம் வீட்டுப் பெண்களை, வாசலில் விழும் வெயிலோடு, கதவு நிலையின் எண்ணெய்ப் பிசுக்கோடு வரைந்தவர். 2021இல் கொரோனா கொண்டுபோய்விட்டது. அவர் ஓவியங்கள் இன்றும் "கிராமத்துப் புகைப்படம்" என்று பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவர் படத்தைப் போடும்போது "ஓவியர் இளையராஜா, ஆயில்" என்று மூன்று சொல் போதும். "ஓவியர்" என்பதை மறக்காதீர்கள். வெறும் இளையராஜா என்று போட்டால் தேடுபவருக்குப் பாட்டுதான் வரும்.

ஓவியத்தை விலைக்கு வாங்கிவிட்டேன். இனி என் இஷ்டம்தானே?

சுவரில் மாட்டுவது, விற்பது, மருமகளுக்குக் கொடுப்பது எல்லாம் உங்கள் இஷ்டம். அதை நாட்காட்டியாக அச்சடிப்பதும் டீ ஷர்ட்டில் போடுவதும் உங்கள் இஷ்டம் இல்லை. ஓவியம் வேறு, அதன் பதிப்புரிமை வேறு. உரிமை கை மாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. "இதை வரைந்து கொடுங்கள்" என்று நீங்களே சொல்லி, காசு கொடுத்து வரைய வைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஆனால் அப்போதும் "நான் வரைந்தது" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயர் கெடும்படி அதைச் சிதைக்கும்போது தடுக்கும் உரிமையும் வரைந்தவரிடமே இருக்கும். அந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைக் கழற்றிப் பாழாக்கிவிட்டார்கள் என்று சிற்பி அமர்நாத் சேகல் அரசின்மேலேயே வழக்குப் போட்டு, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

உரிமைக் காலம், படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 வருடமும். 2021இல் மறைந்தவர் என்றால் 2081 முடியும்வரை. நான் வக்கீல் இல்லை. காசு புழங்கும் விஷயமென்றால் வக்கீலைக் கேளுங்கள். கண்காட்சியைப் பற்றி நாலு வரி விமர்சனம் எழுதி அதோடு ஒரு படம் போடுவதற்கு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், சட்டமும் விமர்சனத்துக்கு இடம் கொடுக்கிறது.

ரவுண்டானா சிலை, சுவர் ஓவியம் எல்லாம் பொது இடம்தானே?

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிடலாம் என்று சட்டமே சொல்கிறது. கட்டடத்துக்கும் அப்படியே. சுவர் ஓவியம் அந்தப் பட்டியலில் வரவில்லை. அதனால் சுவரைப் படம் எடுத்துப் பெயரோடு பகிர்வதை ஓவியர்கள் விரும்பத்தான் செய்கிறார்கள் என்றாலும், அதே படத்தை ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கொடுக்கும்முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

கோயிலுக்குள் எடுக்கலாமா?

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. கோயிலுக்குக் கோயில் நடைமுறை மாறுகிறது. வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். கருவறைப் பக்கம் எங்கேயும் கூடாது.

தஞ்சைப் பெரிய கோயில் சோழர் கால ஓவியங்கள் உள் சுற்றறையில் இருக்கின்றன, பொதுமக்கள் போய்ப் பார்க்க முடியாது. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்துச் சொல்லும்வரை அவை நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்தன. ஆகவே உங்கள் கைக்கு வரும் படம் நிச்சயம் வேறொருவர் எடுத்தது. யார் எடுத்தது என்று தேடிப் போடுங்கள். அதில் பிரபலமான அந்த இருவர் படத்துக்கு "ராஜராஜனும் கருவூர்த்தேவரும்" என்று அடித்து எழுதாதீர்கள். "என்று சொல்லப்படுகிறது" என்று சேர்த்தால் கையொன்றும் ஒடிந்துவிடாது. அதில் கருத்து வேறுபாடு உண்டு.

நவீன ஓவியம் எனக்கே புரியவில்லை. குறிப்பில் என்ன எழுத?

புரிந்ததாக நடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. "மனித இருப்பின் ஆழங்களை விசாரிக்கும் படைப்பு" என்று எழுதினால் அது எந்த ஓவியத்துக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதையும் சொல்லவில்லை.

கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். ஒரு மாணவர் கண்காட்சியில் பார்த்ததைச் சொல்கிறேன். நெல் பிடிக்கும் பழைய சாக்குகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, திரைச்சீலை மாதிரி தொங்க விட்டிருந்தார் ஒரு பையன். கீழ்ப்பக்கம் ஈரம். சாக்குத் தையலில் அங்கங்கே நெல் முளைத்துப் பச்சையாக நின்றது. பெயர் அட்டையில் "17 சதவீதம்" என்று மட்டும் இருந்தது.

நம் ஊர்க்காரர் யாருக்கும் விளக்க வேண்டாம். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று எடுக்காமல் விட, அதற்குள் மழை வந்து, மூட்டையிலேயே முளைத்துப் போன நெல்லைப் பார்த்தவர்கள் நாம். என் பக்கத்தில் நின்ற பெரியவர் அந்த அட்டையைப் படித்ததும் "அட" என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசவே இல்லை. ஆனால் கோயம்புத்தூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒருவர் கைபேசியில் பார்த்தால்? அழுக்குச் சாக்கு, மேலே ஒரு எண். அவ்வளவுதான்.

நான் எழுதிய குறிப்பு: "நெல் சாக்குகள், நூல், முளைத்த நெல். அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்." இரண்டாவது வாக்கியம் விளக்கம் மாதிரி இருந்தாலும் விளக்கம் இல்லை, ஒரு செய்தி. அதைக் கொடுத்துவிட்டால் மிச்சத்தைப் பார்ப்பவரே பார்த்துக்கொள்வார். "விவசாயியின் கண்ணீர்" என்று நான் எழுதியிருந்தால் அந்தப் பையன் சொல்லாமல் விட்டதை நான் உளறியிருப்பேன்.

அப்புறம், படைப்பின் பெயரை மாற்றாதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள். "பெயரிடப்படாதது" என்று அவர் வைத்திருந்தால் அதுதான் பெயர்.

தஞ்சாவூர் ஓவியம், கலம்காரி, சுவாமிமலைச் சிலை: இவற்றுக்குத் தனியாக ஏதாவது கவனிக்கணுமா?

நிறைய. இவையெல்லாம் புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ப் பொருள் என்று பெயருக்கான சட்டப் பதிவு, வாங்கியவை. பெயருக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பாக வேலை செய்து, கல் பதித்து, தங்க ரேக்கு என்ற மெல்லிய தங்கத் தாள் ஒட்டியது. கடவுள் படத்தை அச்சடித்து அதன்மேல் மினுமினுப்புக் காகிதம் ஒட்டியதும் அதே பெயரில் விற்கிறது. படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், குறிப்பில்தான் பிரிக்க முடியும். தங்க ரேக்கா, வேறு தாளா என்று செய்தவரிடமே கேளுங்கள். ஒளிக்கிற ஆள் என்றால் பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

கருப்பூர் கலம்காரியும் அப்படித்தான். மூங்கில், பனை மட்டைக் குச்சியால் துணியில் கையால் எழுதுவது; கோயிலில் தொங்கும் துணிக் குழலான தொம்பைக்கும் விதானத்துக்கும் செய்து வந்தது. 2021இல் குறியீடு கிடைத்தது. மில்லில் அச்சடித்த சேலையை அந்தப் பெயரில் போட்டால், திருப்பனந்தாள் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் குச்சி பிடிக்கும் சில குடும்பங்களின் சோற்றில் மண் போடுகிறோம்.

சுவாமிமலை விஷயத்தில் உலோகத்தைச் சரியாகச் சொல்லுங்கள். எல்லாமே பஞ்சலோகம் இல்லை. 2023 ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் வைத்த 27 அடி நடராஜர், சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் செய்து வார்த்தது, எட்டு உலோகக் கலவை. அதையும் பஞ்சலோகம் என்றே எழுதித் தள்ளினார்கள். ஸ்தபதி பெயர் பாதிப் பதிவில் இல்லை.

இன்னொன்று. போன மாதம் வார்த்த சிலைக்கு "சோழர் காலச் சிலை" என்று எழுதாதீர்கள். "சோழர் பாணி" வேறு, "சோழர் காலம்" வேறு. நூறு வருடம் தாண்டிய சிலை தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலை அனுப்பவே இது தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் உங்கள் ஆர்வக்கோளாறுக் குறிப்பு பட்டறைக்காரருக்குத் தலைவலி.

கடைப் பலகை, ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கலையா?

எனக்குக் கலைதான். தூரிகையால் எழுதிய பழைய கடைப் பலகையைக் கண்டால் கடை பெயர், தெரு, எழுதியவர், தேதி நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அங்கே ஃப்ளெக்ஸ் தொங்கும். அஞ்சலி போஸ்டரை மட்டும் அந்த வீட்டாரைக் கேட்காமல் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். பள்ளிச் சுவரை எடுக்கும்போது பிள்ளைகள் முகம் விழுந்தாலும் அப்படியே.

மாற்று உரை என்று ஒரு பெட்டி வருகிறதே, அதில் என்ன எழுத?

பார்வையற்றவரின் கைபேசி வாய்விட்டுப் படிப்பது அதைத்தான். படக்குறிப்பையே அங்கே ஒட்டாதீர்கள், அவர் இரண்டு முறை கேட்க நேரும். குறிப்பு, யார் எப்போது என்று சொல்லும். மாற்று உரை, என்ன தெரிகிறது என்று சொல்லும். சாக்குப் படத்துக்கு நான் எழுதியது: "ஆள் உயரத்துக்கு மேல் தொங்கும், தைத்து இணைத்த பழுப்புச் சாக்குகள். கீழ்ப் பாதி ஈரத்தில் கறுத்திருக்கிறது. தையல்களில் விரல் நீளப் பச்சை நாற்று." தமிழிலேயே எழுதலாம், படிக்கும். பார்வையற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "'அழகான ஓவியம்'னு எழுதறாங்க. அழகுன்னு நான்தானே சொல்லணும்?"

படத்தின் மேலேயே எழுத்தைப் பதித்துப் போட்டால் இந்தக் கருவிகளும் படிக்கத் திணறும், தேடினாலும் கிடைக்காது. வாழ்த்து அட்டைக்காரர்கள் கவனிக்க.

படம் எடுப்பதில் ஏதாவது யோசனை?

நேராக நின்று எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், தங்க ரேக்கு வெள்ளையாக எரிந்துவிடும். மூலைகளை வெட்டாதீர்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று. நிறத்தைக் கூட்டும் ஃபில்டர் போட்டால் ஓவியரின் மஞ்சள் உங்கள் மஞ்சளாகிவிடும். ஓவியருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சுருங்காது.

ஏஐ செய்த சோழர் படங்களைப் பகிரலாமா?

பகிருங்கள், "ஏஐ உருவாக்கியது" என்று முதல் வரியில் போட்டு. கடைசி வரியில் இல்லை. "மேலும்" என்பதை அழுத்தி யாரும் பார்ப்பதில்லை.

தப்பாக எழுதிவிட்டேன், இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பதிவை நீக்கிவிடட்டுமா?

வேண்டாம். நீக்கினால் உங்கள் பதிவு போகும், தப்பு போகாது. அது ஏற்கெனவே நாலு குழுவில் இருக்கும். பதிவின் மேலேயே "திருத்தம்" என்று தேதியோடு எழுதி, சரியானதைப் போட்டு, சொன்னவருக்கு நன்றியும் சொல்லுங்கள். வலங்கைமான் சுவர்ப் பதிவில் என் திருத்தம் இப்போதும் முதல் வரியில் இருக்கிறது. சுவரில் போன வருடம் வேறு வர்ணம் அடித்துவிட்டார்கள்.